மூன்று எழுத்துச் சட்டையும் என் மொட்டைக் கடதாசியும்

தம்பி,

முதலில் இந்தக் கையெழுத்துக்கு என்னை மன்னித்துக்கொள். வரிகள் ஏறியும் இறங்கியும் போகின்றன. 'ழ' வரும்போதெல்லாம் பேனை எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று நின்று யோசித்துத்தான் எழுதுகிறேன். எழுபத்தாறு வயதில் எழுதப் பழகியவனின் கை இப்படித்தான் இருக்கும். இதற்கு முன் உனக்கு வந்த என் கடிதங்கள் எல்லாம் நான் சொல்ல யாரோ எழுதியவை. இதுதான் நானே எழுதுவது. வாசிக்க நீ இல்லை என்பது குறைதான். ஆனால் பிழை பிடிக்கவும் நீ இல்லை, அது கொஞ்சம் வசதி.

இங்கே இப்போது குளிர்காலம். ஒரு கிழமையாக மழை. குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். எனக்கு முன்னால் ஹீட்டருக்குப் பக்கத்தில் பேத்தி அனிற்றாவின் தடித்த சட்டை ஒன்று கதிரையில் காய்கிறது. ஈரத் துணியின் வாசம் வீடு முழுக்க நிற்கிறது. அந்த வாசம்தான் என்னைப் பேனையை எடுக்க வைத்தது. காரணம் உனக்குத் தெரியும். அதைப் பிறகு எழுதுகிறேன்.

நான் எப்படி எழுதப் பழகினேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எனக்குச் சொல்ல முடியாத சந்தோசம். சனிக்கிழமைகளில் இங்கே ஒரு மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி நடக்கிறது. மருமகள் அங்கே தேத்தண்ணி ஊற்றும் பொறுப்பு. அவளோடு போய்ச் சும்மா இருந்த என்னைப் பார்த்து, "ஐயா, சும்மாதானே இருக்கிறியள், உள்ளுக்கு வந்து இருங்கோவன்" என்று ரீச்சர் கூப்பிட்டார். பாலர் வகுப்பில் ஆறு பிள்ளைகளும் நானும். ஏழு வயதில் அப்பு என்னை மீன்பிடிக்க வள்ளத்தில் ஏற்றிய நாளில் விட்ட அரிச்சுவடியை ஒரு சின்னக் கதிரையில் முழங்கால் இடிக்க இருந்து திரும்பத் தொடங்கினேன். ஒன்றரை வருடத்தில் வாசிக்க வந்துவிட்டது. இப்போது மிளகாய்த்தூள் பையில் இருந்து கோவில் அறிவித்தல் வரை ஒன்றையும் விடுவதில்லை. கடையில் நின்று சத்தம் போட்டு வாசிக்கிறேன் என்று மகன் ஜெயம் தள்ளி நிற்கிறான்.

அப்படி எல்லாவற்றையும் வாசிக்கத் தொடங்கிய நேரத்தில்தான் வீட்டுக்குள் வாசிக்க முடியாத எழுத்து ஒன்று வந்தது. இந்தச் சட்டையின் நெஞ்சில் பெரிதாக மூன்று எழுத்து. தமிழ் இல்லை. இங்கிலீஷ் எழுத்தும் எனக்குப் பார்க்கத் தெரியும், அதுவும் இல்லை.

"இது என்ன எழுத்து பிள்ளை?"

"கிரீக், அப்பப்பா."

"உனக்குக் கிரீக் தெரியுமோ?"

"நோ."

"கம்பஸில இதைப் போடுற வேற ஆருக்கும்?"

"நோ வன்."

"அப்ப ஏன் போட்டுக்கொண்டு திரியிறியள்?"

சிரித்தாள். பிறகு பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாக விளங்கப்படுத்தினாள். அவள் படிக்கும் கம்பஸில் பெண்பிள்ளைகள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து தங்களைச் சகோதரிகள் என்று வைத்துக்கொள்கிறார்களாம். பெடியன்களுக்கும் அப்படி உண்டாம், அவர்கள் சகோதரர்கள். அமெரிக்காவில் இது பழைய வழக்கமாம், இங்கே புதிது. நினைத்தவுடன் சேர முடியாது. முதலில் கூப்பிட்டுக் கதைப்பார்கள், சிலநாள் பார்ப்பார்கள், பிறகு எடுப்பார்கள். எடுத்த பிள்ளைக்கு ஒரு அக்காவையும் கொடுப்பார்கள்.

"எத்தினை பேர் இப்ப உனக்குச் சகோதரி?"

"தேட்டி டூ."

"உன்ர கொம்மா ஒண்டைப் பெறவே ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தவ."

பகிடியாகத்தான் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவளும் அக்காதான், மீன் வாங்க வருகிறவளும் அக்காதான். அதற்கு யாரும் தெரிவு வைப்பதில்லை. அக்கா என்று கூப்பிட ஒருத்தியைப் பார்த்துப் பார்த்து எடுக்கிறார்கள் என்றால் அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது என்று பட்டது. அன்று முதல் அவள் போகும்போதும் வரும்போதும் கவனித்தேன். ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனாள். வரும்போது கையில் மெழுகு சொட்டிக் காய்ந்திருந்தது.

"என்ன மெழுகுதிரி?"

"நாங்கள் சத்தியம் செய்தனாங்கள், அப்பப்பா."

"என்னெண்டு?"

"சொல்லேலாது. சீக்ரட்."

எங்கள் வேதக் கோவிலில் முதன்முதல் நற்கருணை வாங்கிப் புதுநன்மை எடுக்கும் பிள்ளைக்கும் வெள்ளைச் சட்டையும் மெழுகுதிரியும் உண்டு. ஆனால் அங்கே கோவில் கதவு திறந்திருக்கும், தாய் தகப்பன் பின் வாங்கில் இருப்பார்கள். இங்கே கதவைப் பூட்டிவிட்டுச் செய்கிறார்கள். அதைவிட அந்தச் 'சொல்லேலாது' என்ற சொல் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. அதை நான் முன்பும் கேட்டிருக்கிறேன், உன் வாயில்.

எங்கள் கடற்கரையில் கம்பஸுக்குப் போன முதல் ஆள் நீ. பெட்டியோடு உன்னை அனுப்பி மூன்று கிழமை ஆகவில்லை. ஒரு விடியற்காலையில் நான் கடல் தொழிலால் வர, நீ வாசலில் இருந்தாய். ஒரு பக்கப் புருவம் இல்லை. அம்மா பெட்டியைத் திறந்தா. உடுப்பு, கொப்பி எல்லாம் ஈரம். "மழையில நனைஞ்சிட்டுது" என்றாய். கடலுக்குப் போகிறவனுக்கு மழை தெரியாதா? அந்தக் கிழமை எங்கும் ஒரு துளி விழவில்லை. அது எனக்குத் தெரிந்தும் நான் கேட்கவில்லை. அம்மா உடுப்பைக் கொடியில் போட்டா. இதே வாசம்தான் அன்று முற்றம் முழுக்க.

இரண்டு நாள் வள்ளத்து நிழலில் படுத்திருந்தாய். "என்னடா நடந்தது?" என்று ஒரேயொருக்கால் கேட்டேன். "சொல்லேலாது அண்ணை" என்றாய். படிப்பு ஏலாமல் கள்ளம் அடிக்கிறாய் என்று நான் முடிவு கட்டினேன். மூன்றாம் நாள் உன்னைக் கூட்டிக்கொண்டு போய் றெயிலில் ஏற்றினேன். வழிக்கு வாழைப்பழம் வாங்கித் தந்தேன். றெயில் வெளிக்கிடும்வரை புதிதாக வந்த நைலோன் வலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றேன். நீ தலையாட்டிக்கொண்டு போனாய்.

நீ படித்து முடித்தாய். நில அளவையாளனாய் ஊர் ஊராகத் திரிந்தாய். ஆனால் கம்பஸ் என்று யாராவது கதையெடுத்தால் எழும்பி வெளியே போய்விடுவாய். புதிதாய் வருகிற பிள்ளைகளை மூத்த மாணவர்கள் வதைக்கும் பகிடிவதை என்ற சொல்லே எங்கள் வீட்டுக்கு எத்தனையோ வருடம் கழித்துத்தான் வந்தது. போன நத்தாருக்கு முதல் வந்த நத்தார்ப் பெருநாளில், போனில் கதைக்கும்போது, நான் அன்று இன்னொருக்கால் கேட்டிருக்க வேண்டும் என்றேன். "நீ கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டன் அண்ணை. ஆனா றெயிலில தனியப் போற மாதிரி இருந்திராது" என்றாய். அதற்குப் பிறகு பேரப்பிள்ளைகளின் கதைக்குப் போய்விட்டோம். ஆறு மாதத்தில் நீயும் போய்விட்டாய்.

இப்போது விளங்குகிறதா, நான் ஏன் அந்த மெழுகைப் பார்த்துப் பயந்தேன் என்று.

போன மாதம் அனிற்றா ஒரு புதுக் கதை கொண்டுவந்தாள். அந்தச் சகோதரிகள் ஏழு பேர் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு வீட்டை றென்ருக்கு எடுத்து ஒன்றாக இருக்கிறார்கள், ஒரு அறை காலியாகிறது, தானும் அங்கே போகப் போகிறேன் என்றாள். இங்கே லின்ஃபீல்டில் இருந்து கம்பஸுக்குப் போய்வர நேரம் எல்லாம் பஸ்ஸிலேயே போகிறதாம். ஜெயம் தலையாட்டினான். மருமகள் மேரி, "யோசிப்பம்" என்றாள். அவள் யோசிப்பம் என்றால் பாதி ஓம்.

நான் வாய்திறந்து சொன்னால், "அப்பா சும்மா பயப்பிடுறார்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஊரில் ஒரு காரியத்தை நிற்பாட்டப் பேர் இல்லாத கடதாசிக்கு இருந்த பலம் வாய்க்கு இருந்ததில்லை. உனக்கு நினைவிருக்கும். அக்காவின் சம்பந்தம் பேசும்போது ஒரு மொட்டைக் கடதாசி வந்தது. அப்புவுக்கும் எனக்கும் வாசிக்கத் தெரியாது. எட்டாம் வகுப்பில் இருந்த உன்னை வாசிக்கச் சொன்னோம். நீ இரண்டு வரி கண்ணால் பார்த்துவிட்டு, "பேர் போட ஏலாதவன்ர கதையை நான் ஏன் சத்தம் போட்டு வாசிக்க வேணும்?" என்று அடுப்பில் போட்டாய். அப்பு உனக்கு அடித்தார்.

அதெல்லாம் தெரிந்துகொண்டுதான், தம்பி, நானும் எழுதினேன். எழுத்துப் படித்த பிறகு இந்தக் கை எழுதிய முதல் கடிதம் ஒரு மொட்டைக் கடதாசி. நான்கு நாள் எடுத்தது. எழுதும்போது எனக்கு இருந்த சந்தோசத்தையும் மறைக்கக் கூடாது. கண்காணாமல் ஒரு காரியம் செய்ய எழுத்துத் தெரிவது எவ்வளவு வசதி.

"உங்கள் மகள் போக இருக்கும் வீட்டில் புதிய பிள்ளைகளை முழங்காலில் நிற்க விடுகிறார்கள். பெட்டியைத் தண்ணீரில் போடுகிறார்கள். சோற்றில் உப்பைக் கொட்டித் தின்னச் சொல்கிறார்கள். வெளியே சொன்னால் இன்னும் செய்வார்கள். அனுப்ப வேண்டாம். இப்படிக்கு, நலன்விரும்பி."

விலாசம் இங்கிலீஷில் போட வேண்டும். கரண்ட் பில்லைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் கீறினேன். முத்திரை ஒட்டி, பிளாக்ஹவுஸ் பே வரைக்கும் நடந்துபோய் டெயரி என்கிற மூலைக் கடைக்கு முன்னால் இருந்த தபால் பெட்டியில் போட்டேன். நாலாம் நாள் வந்தது. இரவுச் சாப்பாட்டு மேசையில் ஜெயம் உடைத்தான். வாசித்தான். திருப்பிப் பார்த்தான். பிறகு கடித உறையை எடுத்துப் பார்த்தான்.

"மேரி, இந்த நலன்விரும்பிக்கு எங்கட கரண்ட் கணக்கு நம்பரும் தெரிஞ்சிருக்கு" என்றான்.

நான் பில்லில் இருந்ததை எல்லாம் கீறியிருக்கிறேன். எது வீட்டு நம்பர், எது கணக்கு நம்பர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மேரி கடதாசியை வாங்கினாள். நான்கு கோட்டுக் கொப்பியில் இருந்து கிழித்த தாள். பின்பக்கத்தில் ரீச்சர் ஒட்டிய நட்சத்திரமும் 'மிக நன்று' என்ற சிவப்பு எழுத்தும். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "மாமா, இன்னும் கொஞ்சம் சொதி விடட்டோ?" என்றாள்.

அனிற்றாவுக்கு இப்போது தமிழ் வாசிக்க வராது. ஆனால் அந்த நட்சத்திரத்தை அவளுக்குத் தெரியும். சின்னதில் அதே பள்ளியில் அவளுக்கும் ஒட்டியிருக்கிறார்கள். "அப்பா, ரீட் இட்" என்றாள். ஜெயம் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொன்னான். அவளுடைய முகம் சிவந்தது.

"அப்பப்பா, இது பொய். அவையள் என்ர பிரெண்ட்ஸ். அவையளைப் பற்றிப் பொய் எழுதியிருக்கிறியள்."

அவள் எழும்பிப் போகப் போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை. கடதாசியை எடுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்தாள்.

"முழங்கால், தண்ணி, உப்பு. இது நீங்கள் யோசிச்சு எழுதினதில்லை. இது ஆருக்கு நடந்தது?"

சொன்னேன். உன்னைப் பற்றி, பெட்டியைப் பற்றி, புருவத்தைப் பற்றி, றெயிலைப் பற்றி. முழங்காலும் உப்பும் பின்னாளில் வேறு ஆட்களிடம் கேட்டவை, உனக்கு என்ன நடந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். ஜெயத்துக்கே அது புதுக்கதை. "சித்தப்பாவுக்கோ?" என்று மட்டும் கேட்டான். சொதி ஆறிப்போனது.

இரண்டு நாள் அனிற்றா என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து என் கட்டில் நுனியில் இருந்தாள். "சண்டே வாங்கோ. வந்து பாருங்கோ. நீங்கள் ஓம் எண்டாத்தான் நான் அங்க போவன். ஆனா கண்ணால பாத்திட்டுச் சொல்லோணும். கற்பனையில இருந்து சொல்லக் கூடாது" என்றாள்.

பஸ்ஸும் றெயிலுமாகப் போனோம். பலகை வீடு. வாசலில் ஒரு குவியல் சப்பாத்து. ஏழு பிள்ளைகளும் வரிசையாக நின்று கை தந்தார்கள். தேத்தண்ணி ஊற்றினார்கள். நான் குடிக்கவில்லை. வீட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். ஒவ்வொரு கதவாகப் போய்த் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். எல்லாம் உள்ளுக்குத்தான். பிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. யார் எந்த நாள் என்ன வேலை என்று போட்டிருக்கிறதாம். "இதில உங்கட தலைவியின்ர பேரைக் காட்டு" என்றேன். அனிற்றா விரலை வைத்தாள். கழிவறை கழுவுகிற இடத்துக்கு நேரே இருந்தது. நான் வருகிறேன் என்று இன்றைக்கு எழுதி ஒட்டினார்களோ என்று தாளைத் தடவிப் பார்த்தேன். எண்ணெய்க் கறை, பழையது. அனிற்றா மேல்முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு மேசைக்கு வந்து, மனதில் நாலு நாளாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"உங்களுக்குள்ள 'மாட்டன்' எண்டு சொன்ன பிள்ளை ஆர்? அவவை எனக்குக் காட்டச் சொல்லு."

அனிற்றா அதை இங்கிலீஷில் சொன்னாள். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். குசினிக்குள் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டு நின்ற பிள்ளை ஒன்று கத்தியோடு கையை உயர்த்தினாள். சமோவாத் தீவுப் பிள்ளை, பேர் சினா. தகப்பன் ஒரு போதகர். சத்தியம் செய்வது தங்கள் வேதத்துக்குச் சரியில்லை என்று அவள் மாட்டேன் என்றாளாம். மற்றவர்கள் மெழுகுதிரியோடு நிற்க, இவள் குசினியில் இருந்தாளாம்.

"பிறகு உன்னை என்ன செய்தவை?"

"கேக் வெட்டச் சொன்னார்கள்" என்றாள். அவளும் அந்த மூன்று எழுத்துச் சட்டைதான் போட்டிருந்தாள்.

"உன்னோட கதைச்சவையோ?"

அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். "அவள் கதையை நிப்பாட்டினாத்தானே அப்பப்பா மற்ற ஆக்கள் கதைக்கிறதுக்கு" என்று அனிற்றா சொன்னாள்.

ஆனால் தலைவி சிரிக்கவில்லை. நெடுவலான வெள்ளைக்காரப் பிள்ளை. மெதுவாக ஏதோ சொன்னாள். அனிற்றா அதை உடனே தமிழாக்கவில்லை. "என்னவாம்?" என்று இரண்டுதரம் கேட்டேன். அவளுக்கும் அது புதிது போல. "போன வருசம் வேற ஒரு பிள்ளை மாட்டன் எண்டவவாம். அவவோட ஒருத்தரும் கதைக்காமல் விட்டவையாம். அவ அழுதுகொண்டு விட்டிட்டுப் போயிட்டாவாம். தான் அந்த நேரம் பேசாமல் இருந்ததாம். அதுக்குப் பிறகுதான் ஆரும் மாட்டன் எண்டு சொல்லலாம் எண்டு முதல் நாளே சொல்லுறவையாம்."

அப்போதுதான் அந்தத் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தேன். இங்கே ஒரு குறையும் இல்லை, எல்லாரும் நல்லவர்கள் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருந்தால் நான் எழும்பி வந்திருப்பேன். பேசாமல் இருந்தேன் என்று ஒரு கிழவனுக்கு முன்னால் சொல்ல அவளுக்கு இருபது வயதில் முடிகிறது. எனக்கு ஐம்பது வருடம் எடுத்தது.

வரும்போது றெயிலில் அனிற்றா கேட்டாள். "என்ன அப்பப்பா, ஓமோ?"

"போ. ஆனா எனக்கும் ஒரு சத்தியம் செய்து தா."

"சீக்ரட்டோ?"

"இல்லை. ஊருக்கே சொல்லலாம். ஒருநாள் அங்க ஏலாமல் போனா, என்ன ஏது எண்டு சொல்ல வேண்டாம். போன் எடுத்து 'வாங்கோ' எண்டு மட்டும் சொல்லு. நான் வருவன்."

"நீங்கள் கார் ஓட மாட்டியளே."

"பஸ் ஓடும்தானே."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள். மெழுகுதிரி இல்லாமல்.

நாளைக் காலை போகிறாள். சாமான் எல்லாம் கட்டியாகிவிட்டது. அந்த வீட்டு விலாசத்தையும் பஸ் நம்பரையும் ஒரு துண்டில் நானே எழுதி என் காற்சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். இந்த முறை கணக்கு நம்பர் ஒன்றும் இல்லை என்று ஜெயம் பார்த்துச் சொன்னான்.

முழுக்க நம்பிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. இந்த மெழுகுதிரிச் சத்தியத்தில் என்ன இருக்கிறது என்று அவள் இன்னும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவளுடைய விருப்பம் என்று மேரி சொல்கிறாள். சரிதான், உனக்கும் அந்த விருப்பம் இருந்தது. அதை நான் குற்றமாகப் பிடித்து உன்னைத் திருப்பி அனுப்பினேன். நீ போனில் சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. ஆறுதலாகத்தான் சொன்னாய் என்று தெரியும். ஆனாலும் மனதில் அந்தப் பாரம் இறங்கவில்லை, தம்பி. இறங்கவும் வேண்டாம் என்று இப்போது நினைக்கிறேன். அது இருந்தபடியால்தான் இந்த வயதில் ஒரு வீட்டுக்குப் போய்த் தாழ்ப்பாள் பார்த்தேன்.

வாற ஞாயிறு பகல் அவள் சாப்பிட வருவாள். கதவை நான்தான் திறப்பேன். வலையைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஒன்றும் கதைக்க மாட்டேன். முதலில் அவளுடைய முகத்தை நன்றாகப் பார்ப்பேன். அதில் கண்டதைத் திங்கட்கிழமை இருந்து உனக்கு எழுதுகிறேன்.

உன் அண்ணை